பெரியவர் வந்து கதைப்பாராம்

ஹலோ… ஹலோ… கிந்தா தமிழர் அறநிதிதானே? ஈப்போ ஆபீசுதானே? … ஆமா, ஆமா, கேக்குது, நீங்க கொஞ்சம் சத்தமா… யாரு, பூமணி அக்காவா? அப்பாடா. நான் செல்லாயி. ஏழாங்கட்டை தோட்டம், மாதர் சங்கத் தலைவி… ஆமா, பீடோர் பக்கம். ஆயாக்கொட்டாய் கட்ட உங்க அறநிதியில உதவி கேட்டு எழுதிப் போட்டிருந்தோம்ல, பிள்ளைங்கள விட்டுட்டு வேலைக்குப் போறதுக்கு… அதே செல்லாயிதான். போன வாரம் கூட கூப்ட்டேனே. சும்மா சும்மா தொல்லை குடுத்துக் கச்சாவ் பண்றேன்னு நெனைக்காதீங்க. ஒன்னே ஒன்னு கேட்டுட்டு வச்சிடறேன்.

உங்க தலைவரு இராஜசிங்கம் ஐயா கெளம்பிட்டாரா? … எப்ப? … அப்பவேவா? அப்ப இந்நேரம் தாப்பா தாண்டியிருப்பாரே. … இல்ல, இல்ல, இங்க ஒரு கொறையும் இல்ல. எல்லாம் ரெடி. எங்க ஆர்மோனியக்காரரு உடையப்பன்தான் பக்கத்துல நின்னு நச்சரிக்கிறாரு. ஐயாவுக்கு எத்தனை கட்டைன்னு கேட்டுச் சொல்லணுமாம். … கட்டை அக்கா, கட்டை. … ஏழா? ஏழு கட்டையா? … உடையப்பண்ணே, ஏழாம்லா. … அவரு முழிக்கிறாரு அக்கா. வேலைய விட்டு ரிட்டேரு ஆன மனுசன், ஏழு கட்டையில எடுத்தா தொண்டை என்னத்துக்கு ஆவுறது?

… என்ன? … ரோட்டுக் கட்டையா? அட, நான் கேட்டது மைல் இல்ல அக்கா. ஏழாங்கட்டைக்கு வாராருன்னு எனக்குத் தெரியாதா, நான் இங்கதானே இருக்கேன். நான் கேட்டது சுதி. பாடற சுதி.

… பாட மாட்டாரா? … பாட்டே இல்லாமயா? சரி, வசனமா சொல்லுவாரா? அதுவும் நல்லாத்தான் இருக்கும். என்ன கதை? சாமி கதையா, ராசா கதையா? … எந்தக் கதையும் இல்லையா? … நீங்கதானே அக்கா சொன்னீங்க. இதே போன்ல. 'ஐயா வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து உங்கட சனத்தோட கதைப்பார்'னு. என் காதால கேட்டேன். கதைப்பார்னா கதை சொல்லுவாருன்னுதானே…

… இருங்க. மறுபடி சொல்லுங்க. … உங்க யாழ்ப்பாணத் தமிழ்ல கதைக்கிறதுன்னா பேசறதா? … மேடை போட்டுப் பேசறது கூட இல்ல, இப்ப நாம பேசிக்கிட்டு இருக்கோமே, இதா? … இதுக்குப் பேரே கதைக்கிறதா? … கடவுளே.

எங்களுக்கெப்படி அக்கா தெரியும்? மத்த தோட்டத்துல கணக்கெழுதற கிராணிங்க யாழ்ப்பாணத்துக்காரங்க, எங்க தோட்டத்துல இருந்த கிராணி மலையாளி. அவருகிட்டேருந்து நாங்க கத்துக்கிட்டதெல்லாம் 'ஓடு, ஓடு'ங்கறது ஒன்னுதான். … சிரிக்காதீங்க. நீங்க சிரிக்கிறீங்க, இங்க பந்தல் போட்டாச்சு. … பந்தல் அக்கா, பந்தல். பள்ளிக்கூடத் திடல்ல. நான் சீனத் தவுக்கேயோட மளிகைக் கடையிலேருந்துதான் பேசறேன், எதுக்கவே தெரியுது. வாழைமரம், தோரணம், மைக்செட்டு, மிருதங்கம், எல்லாம் இருக்கு. பந்தல் எங்க வீட்டுக்காரரு சன்னாசி தனி ஆளா கட்டுனது. அவருக்கு அது தொழிலு இல்ல, ஆசை. காலையில வேலைக்குப் பேரு கூப்புடற பெரட்டுலயே சொல்லிட்டோம், ஈப்போலேருந்து பெரிய கதாகாலட்சேபக்காரரு வாராருன்னு. அவ்வளவுதான், பக்கத்துத் தோட்டத்துலேருந்து ரெண்டு லோரி நெறைய ஆளு வந்து எறங்கிடுச்சு. பாயி கொண்டாந்து முன்னாடி எடம் புடிச்சு உக்காந்திருக்காங்க. கச்சான் கடலை வேற விக்கிறாங்க. இப்ப நான் போயி கதை இல்லன்னு சொன்னா என்னைத்தான் வறுத்துத் திம்பாங்க.

… ஐயா பேசுவாரா? பேசட்டும்லா. பேசத்தானே மைக்கு. … நல்லா பேசுவாரா? அப்ப சரி, கதை இல்லாட்டியும் பேச்சு இருக்குன்னு சமாளிச்சிக்கறேன். … மூச்சு விடாம பேசுவாரா? ரொம்ப சந்தோசம். … எதுக்க நிக்கிறவங்கள அழ வச்சிடுவாரா? அதத்தான் அக்கா எங்க சனம் கேக்குது. காசு குடுத்துப் படத்துக்குப் போயி அழுவாங்க, இங்க சும்மா கெடைக்குதுன்னா வேணாம்பாங்களா?

… என்ன அக்கா? … பேசறதுன்னா… ஏசறதா? … திட்டறதா?

… கதைச்சா பேசறது. பேசுனா திட்டறது. அப்ப நான் பேசறத எல்லாம் நீங்க என்னன்னு நெனைச்சிக்கிட்டு இருந்தீங்க? மொத தடவ போன் பண்ணி 'உங்க தலைவருகிட்ட ஒரு நாளு நல்லா பேசணும்'னு நான் சொன்னதும் டப்புனு போன வச்சீங்களே, அது ஏன்னு இப்பத்தான் வெளங்குது.

சரி, எதுக்கு ஏசணும்? மரியாதைதானே செஞ்சோம். … ம். … ம். … திருவிழாவுக்குக் குடுக்கறது இல்லன்னு தெரியும், எழுதியிருந்தீங்க. … ம். … போன வருசமா? எந்தச் சங்கம்? … மாலையும் மேளமுமா வரவேற்பு குடுத்தாங்களா? … 'மாலைக்குக் காசு இருக்கிற சங்கத்துக்கு எங்கட காசு என்னத்துக்கு'ன்னு கேட்டுட்டு அப்படியே காருல ஏறிட்டாரா? … ஒரு வாய் தண்ணி கூட குடிக்கலையா.

… அவரு நேருல வந்து பாத்து சரின்னு சொன்னாத்தான் குழுவுல எடுப்பாங்களா? … குழு எப்ப கூடுது? … நாளைக்கா? நாளைக்கேவா? … எத்தனை சங்கம் கேட்டிருக்கு? … அவ்வளவா. தையல் வகுப்பு, டியூசன் வகுப்பு, லூமுட்ல ஒரு முதியோர் இல்லம்… ம். எல்லாம் நல்ல காரியம்தான். அதுல எத்தனைக்குக் கெடைக்கும்? … அவ்வளவுதானா.

அக்கா, நான் வெளையாட்டா பேசறேன்னு நெனைக்காதீங்க. என் வாய் அப்படி. தோட்டத்த துண்டு துண்டா வித்துட்டாங்க. கொட்டாய் இருக்கிற துண்ட வாங்குன மொதலாளி இந்த மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணுன்னு சொல்லிட்டாரு, உரமூட்டை அடுக்கணுமாம். இருட்டோட பாலுக்கு ரப்பர் மரம் வெட்டப் போறவ பிள்ளைய எங்க விட்டுட்டுப் போவா? போன தடவ கொஞ்ச நாளு கொட்டாய் பூட்டிக் கெடந்துச்சு. அப்ப மாரியம்மா அவ மக பாப்பாவ பள்ளிக்கூடத்துலேருந்து நிப்பாட்டி, தம்பிய பாத்துக்கன்னு வீட்டுல வச்சா. கொட்டாயத் தொறந்தாச்சு, அந்தப் பொண்ணு இன்னும் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போவல. வெக்கமா இருக்காம், கூடப் படிச்சதெல்லாம் மேல போயிடுச்சேன்னு. நானும் அப்படி நின்னவதான் அக்கா. என் தம்பி படிச்சான், நான் அவன இடுப்புல தூக்கி வச்சிருந்தேன். இன்னொரு பொண்ணு இந்தத் தோட்டத்துல அப்படி நிக்கக் கூடாது. அதுக்குத்தான் இந்தக் கொட்டாய்.

… இருங்க. இருங்க. எனக்கு ஒன்னு தோணுது. … திருவிழாப் பந்தல்னாதானே ஏசுவாரு? இது திருவிழாப் பந்தலே இல்ல. … இல்லவே இல்ல அக்கா. இதுதான் ஆயாக்கொட்டாய். தற்காலிகம்.

ஏ காளியம்மா, இங்க வா. கொட்டாய்ல இருக்கிற பிள்ளைங்கள எல்லாம் சாரோங் துணித் தொட்டிலோட பந்தலுக்குத் தூக்கிட்டு வாங்க. குறுக்குக் கம்புல வரிசையா தொட்டிலக் கட்டி தூங்க வைங்க. … எல்லாத்தையும்தான், என் கடைசிப் பிள்ளையும் சேத்து. வாழைமரத்த அவுத்துப் பின்னால போடு. தோரணம் இருக்கட்டும், பிள்ளைங்க வேடிக்கை பாக்கக் கட்டுனதுன்னு சொல்லிக்கலாம். மாயாண்டி அண்ணன் மாலை வச்சிருப்பாரு, ஒளிச்சி வைக்கச் சொல்லு. … எங்கயாவது லா. அது மேல உக்காரச் சொல்லு.

… பொய்யா? எது அக்கா பொய்? பிள்ளைங்க நெசம், தொட்டில் நெசம், தூக்கம் நெசம். … கூட்டமா? கூட்டம் பெத்தவங்க. … ரெண்டு லோரியும் பெத்தவங்கதான். எங்க பக்கம் பிள்ளைங்க அதிகம். … மிருதங்கமா? அது தாலாட்டுக்கு.

… இல்ல, தவுக்கே மொறைக்கிறாரு. … செகெஜாப், தவுக்கே, செகெஜாப். நான்தி பாயார். … கொஞ்சம் பொறுங்க, காசு அப்புறம் தாரேன்னு சொல்லிட்டேன், கடை போனு அக்கா, அவரும் என்ன செய்வாரு பாவம். … காருல கூட யாரு வாராங்க? உங்க குழுவுல இருக்கிற இளையதம்பி ஐயாவா? அவருதான் காரு ஓட்டறாரா? அவரு எப்படி? … அதிகம் கதைக்க மாட்டாரா. பாத்தீங்களா, கதைக்க மாட்டாருன்னா பேச மாட்டாரு. புடிச்சிட்டேன்ல.

தொட்டிலக் கட்டிட்டாளுங்க. அடடா, பாக்கறதுக்கு எவ்வளவு அழகா இருக்கு தெரியுமா. எந்த ஊரு குழு வந்தாலும் இதப் பாத்துட்டு இல்லன்னு சொல்ல மனசு… அக்கா, வெள்ளைக் காரு ஒன்னு செம்மண்ணு ரோட்டுல வளைஞ்சு வருது. … அதுதானா? … எறங்கிட்டாரு. ஒயரமா, ஒல்லியா, கழுத்துல டையி. இந்த வெயில்ல டையா? … போறேன், போறேன், மூஞ்சி எப்படி இருக்குன்னு பாத்துட்டுப் போறேன். செயலாளரு நல்லம்மாள் அக்கா கும்புட்டு அழைச்சிட்டுப் போறாங்க. … மாலை போடல, போடல. சனமெல்லாம் எழுந்து நிக்குது, மாயாண்டி அண்ணன் மட்டும் எந்திரிக்கல. எப்படி எந்திரிப்பாரு. ஐயா அவர ஒரு பார்வை பாத்துட்டுப் போறாரு.

பந்தலுக்குள்ள வந்துட்டாரு. தொட்டிலப் பாக்கறாரு. … இல்ல, தொட்டிலப் பாக்கல. மேல பாக்கறாரு. பந்தல மேலேருந்து கீழ வரைக்கும் பாக்கறாரு. ஒவ்வொரு காலா தொட்டுப் பாக்கறாரு. ரசிக்கிறாரு அக்கா. எங்க வீட்டுக்காரரு நெஞ்ச நிமித்திக்கிட்டுப் பின்னாலயே போறாரு. … விரல மடக்கித் தட்டிப் பாக்கறாரு. ஆமா, ஐயா என்ன வேலையில இருந்தாரு? … ரயில்வேயா? … ரயில்வேல என்னவா? … பாலமா? … பாலத்த எல்லாம் பரிசோதனை பண்ணி, ரயிலு போலாமா வேணாமான்னு சொல்ற வேலையா?

… ஓ.

கால அசைச்சுப் பாக்கறாரு அக்கா. … ஆடுது. … நடுக்கால் ஆடுது. … பந்தலே ஆடுது அக்கா. … கட்டிப் புடிச்சிட்டாரு. கால அப்படியே ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்சிட்டாரு. கத்தறாரு… என் பிள்ளை அதுலதான்… வைக்காதீங்க அக்கா, போன வைக்காதீங்க… தவுக்கே, போன வைக்காத, ஜாங்கான் லெத்தாக்…

…

…

ஹலோ. … ஹலோ, அக்கா? … இருக்கீங்களா. நல்ல மனசு உங்களுக்கு. … இருங்க, மூச்சு வாங்குது. … ஒன்னும் ஆவல. எல்லாப் பிள்ளைங்களும் நல்லா இருக்கு. ஒன்னுக்கும் ஒரு கீறல் இல்ல. என் கடைசி இந்தா இடுப்புலதான் இருக்கு, முழிக்கவே இல்ல கழுதை. தவுக்கே கூட ஓடி வந்து ரெண்டு பிள்ளைய தூக்குனாரு.

நடுக்கால் மண்ணுல ஒரு சாண் கூட எறங்கல அக்கா. தோரணத்த தாங்கும். பிள்ளைங்க பாரத்த தாங்குமா? அத நான் யோசிக்கல. கட்டச் சொன்னது நான்தானே. … இல்ல, நீங்க ஆறுதல் சொல்லாதீங்க, நான்தானே. அவரு மட்டும் புடிச்சிருக்காட்டி… வேணாம், நெனைக்கவே வேணாம்.

… பேசுனாரா? பேசுனாரு அக்கா. பேசுனாரு. மைக்க அந்தக் கால்லதான் கட்டியிருந்தாங்க, தோட்டம் முழுக்கக் கேட்டுச்சு. 'இதென்ன, குரங்குக்குக் கட்டின கூடாரமோ? பச்சைப் பிள்ளையள ஆர் இதில தொங்க விட்டது? முதல்ல பிள்ளையள எடுங்கோ'ன்னு. எங்க மிருதங்கக்காரரு பேரு அப்பாவு, அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். கதை ஆரம்பிச்சிடுச்சுன்னு நெனைச்சிட்டாரு. ஐயா ஒரு ஏச்சு ஏசி முடிப்பாரு, இவரு தரிகிடதோம்னு ஒரு தட்டு தட்டுவாரு. ஐயா இவரப் பாத்து ஏசறாரு, இவரு இன்னும் ஜோரா தட்டறாரு. பக்கத்துத் தோட்டத்து ஆளுங்க கை தட்டறாங்க. ஒருத்தன் சொல்றான், என்னா நடிப்புலா இந்த வயசுலன்னு. … சிரிங்க, சிரிங்க. இப்ப நானும் சிரிக்கிறேன், அப்ப நான் தொட்டில அவுத்துக்கிட்டு இருந்தேன்.

கடைசித் தொட்டில அவுக்கற வரைக்கும் கால விடல மனுசன். டையி தோள் மேல கெடக்கு, மொகமெல்லாம் வேர்வை. அப்புறம் எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லிட்டு, கைய எடுத்துட்டு, மெதுவா நடந்து வெளிய வந்தாரு. பந்தல் செத்த நேரம் நின்னுச்சு. அப்புறம் எருமை படுக்கற மாதிரி படுத்துடுச்சு. … ஆமா, மொத்தமும். … அப்பத்தான் அப்பாவு தட்டறத நிப்பாட்டுனாரு.

… இல்ல, போவல. இங்கதான் இருக்காரு. நேரா எங்கிட்டதான் வந்தாரு. 'பிள்ளையள் ஒவ்வொரு நாளும் எங்க இருக்குது?'ன்னு கேட்டாரு. எனக்குப் பொய் சொல்ல வாய் வரல அக்கா. கொட்டாய் கடைக்குப் பின்னாலதான், கூட்டிட்டுப் போய்க் காட்டுனேன். அங்கயும் மேல பாத்தாரு. அப்புறம் வாசக்கால விரலால குத்துனாரு. கரையான் தின்ன கால், விரலு உள்ள போயிடுச்சு. ஏசக் கூட இல்ல. எனக்கு அதுதான் பயமா இருந்துச்சு.

… அதான் சொல்ல வாரேன். அவருதான் என்னை அனுப்புனாரு, 'பூமணி போன்ல நிண்டா இதைச் சொல்லும்'னு. நாளைக்குக் கூட்டத்துல ஏழாங்கட்டைய மொதல்ல வைக்கணுமாம். அவரே முன்மொழியறாராம். … ஆமா, அவரேதான். … என்ன சொல்றீங்க? … அவரு முன்மொழிஞ்சு இதுவரைக்கும் எதுவும் தள்ளுபடி ஆனது இல்லையா? … நெசமாவா அக்கா? … சத்தியமா?

… இல்ல, அழல. … சரி, அழறேன்தான். பிள்ளைங்களுக்குக் கூரை வருதுன்னா அழ மாட்டாங்களா. … இருங்க, தொடைச்சிக்கறேன்.

… ஆமா, ஒரு நிபந்தனை இருக்கு. அதையும் சொல்லச் சொன்னாரு, எழுத்துல இருக்கணுமாம். எழுதிக்கறீங்களா? … 'புது ஆயாக்கொட்டாய்ல சன்னாசி என்பவர் ஒரு ஆணி கூட அடிக்கக் கூடாது.' … ஒரு ஆணி கூட. … ஆமா, எங்க வீட்டுக்காரருதான். சன்னாசி, ரெண்டு சுழி ன. … சம்மதம். மாதர் சங்கத் தலைவி செல்லாயி, முழு சம்மதம்னு போடுங்க. … அவருகிட்ட கேக்க வேணாமா? எதுக்கு? … அந்தா, கடைக்குத்தான் வாராரு. மூஞ்சி தொங்கிப்போயி, கையில ஒடைஞ்ச கம்பு ஒன்னோட.

வாங்க, வாங்க. இப்பத்தான் ஈப்போ ஆபீசுல உங்க பேர எழுதிக்கிட்டு இருக்காங்க. … நெசமா லா. … கொட்டாய் காரியமாத்தான். பெரியவரே சொல்லி எழுத வைக்கிறாரு. … ஆமா, உங்க பேரு மட்டும்தான், வேற யாரு பேரும் இல்ல.

… அக்கா, சிரிக்காதீங்க, வெளிய கேக்குது. … தலைய சீவிக்கறாரு அக்கா, ஐயாவுக்கு நன்றி சொல்லப் போறாராம்.